தேடுவார் கண்ணில் படாத பக்கங்கள்



சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தைப் பேணி வளர்த்த எஸ். ஆர். இரங்கநாதன் என்னும் பேரறிஞர், 1931-ஆம் ஆண்டில் நூலக இயலுக்கு ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பதும், வாசகரின் காலம் வீணாதல் கூடாது என்பதும் அவ்விதிகளின் கருத்துகளுள் அடங்கும். நூல் ஒன்று நூலகத்தில் இருந்தால் மட்டும் போதாது. அது பட்டியலில் ஏற வேண்டும். உரிய தட்டில் நிற்க வேண்டும். தேடி வருபவர் கைக்கு எட்ட வேண்டும். பட்டியலில் ஏறாத நூல், எத்துணைச் சிறந்ததாயினும், இல்லாத நூலுக்கே ஒப்பாகும். இன்று இணையத்தில் உள்ள பக்கங்களின் நிலையும் இதுவே.

உங்களுள் சிலர் கல்லூரித் தமிழ் மன்றத்திற்கென ஒரு வலைத்தளம் அமைத்திருக்கலாம். அதில் உங்கள் ஊர் ஏரியின் வரலாற்றையும், அதன் கரையில் நிற்கும் கல்வெட்டின் செய்தியையும் பல நாள் உழைத்து எழுதி ஏற்றியிருக்கலாம். இரண்டு திங்கள் கழிந்த பின், தேடுபொறியில் அவ்வேரியின் பெயரை இட்டுப் பார்க்கிறீர்கள். எங்கோ யாரோ பிழைபட எழுதிய நான்கு வரிகள் முன்னே வந்து நிற்கின்றன. நீங்கள் ஆராய்ந்து எழுதிய பக்கத்தைக் காணோம். இழப்பு உங்களுக்கு மட்டும் அன்று. உண்மை இருந்தும் அது கிட்டாதபோது, கிட்டியதையே உண்மையெனக் கொண்டு மக்கள் சென்றுவிடுகின்றனர். ஆகவே, இக்குறை நேர்வது ஏன், அதனைக் கண்டறிந்து களைவது எவ்வாறு என்பதை இன்று ஆராய்வோம்.

முதலில் தேடுபொறி தொழில் புரியும் முறையை அறிதல் வேண்டும். நாம் ஒரு சொல்லை இட்டவுடன் அது உலகெங்கும் ஓடித் தேடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. கேள்வி பிறக்கும் முன்பே தேடுதல் நடந்து முடிந்திருக்கிறது. 'கிராலர்' என வழங்கும் நிரல் ஒன்று, ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்திற்கும், அங்கிருந்து மற்றொன்றிற்குமாக இடையறாது சென்று படித்து வருகிறது. இதனை நாம் தூதன் என்று அழைப்போம். தூதன் கொணர்ந்த பக்கங்களை ஆராய்ந்து, இன்ன சொல் இன்ன பக்கத்தில் உள்ளது என்று பெரியதொரு சொல்லடைவு ஆக்கப்படுகிறது. நாம் கேட்கும்போது அச்சொல்லடைவைப் பார்த்து, தகுதிக்கேற்ப வரிசைப்படுத்தி விடை தரப்படுகிறது. வருகை, பதிவு, வரிசை என இம்மூன்று படிகளையும் நினைவிற் கொள்ளுங்கள்.

தேர்வு முடிவுப் பட்டியலின் முதற்பக்கத்தில் ஒரு மாணவரின் பெயரைக் காணவில்லை என்று கொள்வோம். அவர் தேர்வுக்கே வராமல் இருந்திருக்கலாம். வந்தும் அவர் விடைத்தாள் ஏற்கப்படாமல் போயிருக்கலாம். ஏற்கப்பட்டும் குறைந்த மதிப்பெண் பெற்றுப் பின்னே நிற்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. தேர்வுக்கே வராதவரை நோக்கி, "இன்னும் அழகாக எழுதியிருக்க வேண்டும்" என்று அறிவுரை கூறுவதில் பயன் யாது? வலைத்தளம் நடத்துவோர் பெரும்பாலும் இப்பிழையையே செய்கின்றனர். தூதன் நுழையவே இயலாத பக்கத்தின் சொற்களை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கின்றனர்.

எந்தப் படியில் குறை உள்ளது என்பதை ஊகித்தறிய வேண்டுவதில்லை. கூகுள் நிறுவனம் தள உரிமையாளர்களுக்கென 'சர்ச் கன்சோல்' என்னும் கருவியை இலவசமாக வழங்குகிறது. அதில் உங்கள் பக்கத்தின் முகவரியை இட்டால், தூதன் கடைசியாக வந்த நாள் எது, பக்கம் சொல்லடைவில் ஏறியுள்ளதா, ஏறவில்லையெனில் காரணம் என்ன என்பவற்றை அது கூறும். மருத்துவர் முதலில் நாடி பிடித்துப் பார்ப்பது போல, நீங்களும் முதலில் இதனைப் பார்த்தல் வேண்டும்.

இனி முதற்படியின் குறைகளைக் காண்போம். தூதன் இணைப்பு வழியே நடப்பவன் என்றேன். உங்கள் ஏரிப் பக்கத்திற்கு முகப்பிலிருந்தோ பிற பக்கங்களிலிருந்தோ ஓர் இணைப்பும் இல்லையெனில், பாதை இல்லாத வீட்டுக்கு அவன் எவ்வாறு வருவான்? எல்லாப் பக்கங்களையும் ஒன்றோடொன்று இணைப்பது முதற்கடமை. பக்கங்களின் முகவரிகளைத் தொகுத்துத் 'தள வரைபடம்' என்னும் கோப்பாகத் தருவது இரண்டாவது. கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் 2006-ஆம் ஆண்டில் இவ்வரைபடத்திற்குப் பொதுவானதோர் அமைப்பை ஏற்றுக்கொண்டன.

வாயிற்காவலின் குறை மற்றொன்று. தூதர்கள் எங்கே நுழையலாம், எங்கே நுழையலாகாது என்று கூறும் 'ரோபாட்ஸ்' கோப்பு ஒன்று தளத்தின் வாயிலில் இருக்கும். இம்முறையை 1994-இல் மார்ட்டின் கோஸ்டர் என்பவர் முன்மொழிந்தார்; 2022-இல் இஃது இணையத்தின் முறையான நெறிகளுள் ஒன்றாக வெளியிடப்பட்டது. இக்கோப்பில் தடையாணைச் சொல்லுக்கு எதிரே சாய்கோடு ஒன்றை மட்டும் இட்டுவிட்டால், தளம் முழுவதும் தூதனுக்கு அடைபட்டுவிடும். தளம் கட்டி முடியும் வரை யாரும் வரவேண்டாமென்று இட்ட சாய்கோட்டை, திறப்பு விழாவுக்குப் பிறகு நீக்க மறந்தவர் பலர்.

இரண்டாம் படி, பதிவு. தூதன் வந்து படித்தும் பக்கம் சொல்லடைவில் ஏறாமைக்குக் காரணங்கள் சில உண்டு. 'நோ இண்டெக்ஸ்' என்னும் குறிப்பு பக்கத்தில் இருந்தால் அது பதிவு பெறாது. வேர்டுபிரஸ் என்னும் மென்பொருளில், தேடுபொறிகள் இத்தளத்தைப் பதிய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் சிறு கட்டம் ஒன்று உள்ளது. அதில் குறியிட்டு மறந்துவிட்டால், தளம் முழுவதும் மறைந்தே கிடக்கும். இங்கே நுட்பமான ஒன்றையும் கவனியுங்கள். மறைக்க வேண்டிய பக்கத்தில் இக்குறிப்பை இட்டு, வாயிலையும் அடைத்துவிட்டால் காரியம் கெடும். உள்ளே வர இயலாத தூதன் அக்குறிப்பை எவ்வாறு படிப்பான்? பிற தளங்கள் அப்பக்கத்திற்கு இணைப்புத் தந்திருந்தால், அதன் முகவரி மட்டுமேனும் தேடல் முடிவில் தலைகாட்டக்கூடும்.

ஒரே பக்கம் பல முகவரிகளில் கிடைப்பதும் ஒரு குறை. பாதுகாப்பான முகவரி, பாதுகாப்பற்ற முகவரி, முன்னே மூன்று 'டபிள்யூ' உள்ளது, இல்லாதது என ஒரே வீட்டுக்கு நான்கு கதவெண்கள் இருந்தால், அஞ்சற்காரர் எதனை மெய்யென்று கொள்வார்? ஒன்றைத் தேர்ந்து, ஏனையவற்றை 301 என்னும் எண்ணால் குறிக்கப்படும் நிலையான திசைமாற்றத்தால் அதனிடம் அனுப்புதல் வேண்டும். அவ்வாறு இயலாத இடத்தில், மூலப்பக்கம் இதுவே என அறிவிக்கும் 'கனானிக்கல்' குறிப்பை இடலாம். 2009-இல் தேடுபொறிகள் இதனை ஏற்றன. எனினும் அது கட்டளையன்று, பரிந்துரையே என்பதை மறத்தலாகாது.

தமிழில் எழுதுவோருக்கென்றே தனிக்குறைகள் சிலவும் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன், ஒவ்வொரு தளமும் தனக்கெனத் தனி எழுத்துருவைப் பயன்படுத்தி வந்தது. கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும் அப்பக்கத்தில், கணினியின் உள்ளே இருப்பவை பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறிகளுமே. ஒருங்குறியில் தேடுபவருக்கு அப்பக்கம் அகப்படாது. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு; 2010-இல் தமிழ்நாடு அரசும் அதனைத் தரமாக ஏற்றது. ஆயினும் பழைய குறியேற்றத்தில் கிடக்கும் ஆவணங்கள் இன்னும் உள. அவற்றை மாற்றித் தரும் நிரல்கள் எளிதிற் கிடைக்கின்றன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார், பழைய குறியேற்றத்தில் இருந்த தம் இலக்கிய நூல்களைப் பின்னர் ஒருங்குறியிலும் வழங்கியதை நல்ல முன்மாதிரியாகக் கொள்ளலாம். அச்சுப் பக்கத்தைப் படமாக ஏற்றுவதும் இத்தகையதே. தேடுபொறி படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் என்று நம்பியிராமல், எழுத்தை எழுத்தாகவே தருதல் வேண்டும்.

இன்னும் ஒன்று. 'கௌதமர்' என்னும் பெயரின் முதலெழுத்து ஔகாரம் ஏறிய ககரம். அவசரத்தில் 'கெ' என்பதையும் அதன் பின் 'ள' என்பதையும் தட்டிவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கோ அது முற்றிலும் வேறு சொல். துணைக்காலுக்குப் பதிலாக ரகரத்தை இடுவதும் இவ்வாறே. தேடுபொறி சிலவேளை இத்தகைய பிழையை உய்த்துணர்ந்து திருத்தக்கூடும். ஆனால் அதன் தயவை நம்பி எழுதுதல் தகாது. எழுத்துப்பிழை மதிப்பெண்ணை மட்டும் குறைத்த காலம் உண்டு. இன்று அது பக்கத்தையே மறைத்துவிடும்.

மூன்றாம் படி, வரிசை. பக்கம் பதிவாகியும் பின்னே நிற்குமாயின், முதலில் தலைப்பைப் பாருங்கள். எல்லாப் பக்கங்களுக்கும் 'முகப்பு' என்றோ, தளத்தின் பெயரையோ தலைப்பாக வைப்பது, வகுப்பிலுள்ள நாற்பது பேருக்கும் ஒரே பெயர் சூட்டுவது போலாகும். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பும் அதன் பொருளைச் சுருங்கச் சொல்லல் வேண்டும். அடுத்து, தேடுபவர் எச்சொல்லால் தேடுவார் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் 'நீரிழிவு' என்று மட்டும் எழுத, ஊரார் 'சர்க்கரை நோய்' என்று தேடினால், இருவரும் சந்திப்பது அரிதாகும். இரண்டு சொல்லும் இயல்பாகப் பயிலுமாறு எழுதுவதில் குற்றமில்லை. பின்னர்ப் பக்கத்தின் வேகத்தைக் கவனியுங்கள். பெரிய படங்களை அப்படியே ஏற்றினால் கைப்பேசியில் பக்கம் திறக்க நெடுநேரமாகும். கைப்பேசிக்குரிய வடிவையே முதன்மையாகக் கொண்டு பதியும் முறைக்கு கூகுள் 2016-இல் அடியிட்டு, 2023-இல் நிறைவு செய்தது. ஆகவே, கைப்பேசியில் காட்டாமல் விட்டுவிட்ட பகுதி எழுதாத பகுதிக்கே ஒப்பாகும்.

1998-இல் லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இரு ஆராய்ச்சி மாணவர்கள், ஒரு பக்கத்தை எத்தகைய பக்கங்கள் சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் தகுதியை அளக்கும் முறையை வெளியிட்டனர். கூகுள் தேடுபொறி அதனை அடியாகக் கொண்டே எழுந்தது. நற்சான்று மதிப்புடையதாயின், பொய்ச்சான்று விற்பாரும் தோன்றுவது உலக இயல்பு. இணைப்புகளை விலைக்கு வாங்குதல், ஒரே சொல்லைப் பன்முறை அடுக்குதல், தூதனுக்கு ஒன்றும் மனிதருக்கு வேறொன்றும் காட்டுதல் எனக் குறுக்கு வழிகள் பல கிளைத்தன. 2006-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் தன் தளத்தில் தேடுபொறிக்கென்றே சொற்களை அடுக்கிய பக்கங்களை வைத்திருந்ததைக் கண்டு, கூகுள் அத்தளத்தைப் பட்டியலிலிருந்தே நீக்கியது. அப்பக்கங்களை அகற்றிய பிறகே அது மீண்டும் இடம்பெற்றது. பெரும்பொருள் படைத்த நிறுவனத்திற்கே இந்நிலையெனில், சிறு தளங்கள் எம்மாத்திரம்? மறைகுறிப்பில் திறவுச்சொற்களை நிரப்பும் பழைய உத்தியை வரிசைக்குக் கணக்கிற் கொள்வதில்லை என்று 2009-இலேயே கூகுள் அறிவித்துவிட்டது. இன்றும் அவ்வுத்தியைக் கூறிப் பணம் கேட்போர் உளராயின், அவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

முன்னே நின்ற தளம் திடீரெனப் பின்னே சென்றுவிடுவதும் உண்டு. அப்போது பதறாமல் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இறங்கியது என்று முதல்? ஒரு பக்கமா, தளம் முழுவதுமா? அந்நாளை ஒட்டி நாம் செய்த மாற்றம் யாது? முகவரிகளை மாற்றிவிட்டுப் பழைய முகவரிகளிலிருந்து திசைமாற்றம் தராமல் விட்டிருந்தால், வருவோரெல்லாம் 404 என்னும் 'பக்கம் இல்லை' அறிவிப்பையே காண்பர். பல்லாண்டு ஈட்டிய நன்மதிப்பும் அத்துடன் போகும். நம்மிடம் மாற்றமேதும் இல்லையெனில், தேடுபொறியே தன் அளவுகோலை மாற்றியிருக்கலாம். 2011-இல் 'பாண்டா' என்னும் மாற்றம் சாரமற்ற பக்கங்களையும், 2012-இல் 'பெங்குவின்' என்னும் மாற்றம் செயற்கை இணைப்புகளையும் கீழே தள்ளின. அத்தகைய வேளையில் தந்திரங்களைத் தேடாமல், எழுத்தின் தரத்தை உயர்த்துவதே தக்க வழி.

அறிவியற்கூடத்தில் ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை அப்படியே வைத்துப் பயனை அளக்கிறோம் அன்றோ? அந்நெறி இங்கும் பொருந்தும். ஒரே நாளில் பத்து மாற்றங்களைச் செய்தால், எது நன்மை தந்தது, எது தீமை தந்தது என்று அறிய வழியில்லை. ஒரு குறிப்பேடு வைத்து, இன்ன நாளில் இன்ன மாற்றம் செய்தோம் என எழுதுங்கள். தூதன் மீண்டும் வந்து படித்துச் சொல்லடைவைத் திருத்தச் சில நாட்களோ, சில வாரங்களோ ஆகலாம். அதுவரை பொறுத்திருங்கள்.

மாணவ நண்பர்களே! இன்று செயற்கை அறிவுப் பொறிகள் கேள்விக்கு விடையைத் தாமே தொகுத்துக் கூறத் தொடங்கியுள்ளன. அவையும் இணையத்தில் படிக்கக் கிடைக்கும் பக்கங்களையே பெரிதும் சார்ந்துள்ளன. நம் ஊரையும் மொழியையும் பற்றி நாம் திருத்தமாக எழுதி, அதனைப் பிறர் காணுமாறு வைக்கவில்லையெனில், நம்மைப் பற்றிப் பிறர் அரைகுறையாக எழுதியதே நாளை விடையாக வந்து நிற்கும். இன்று மாலை உங்கள் தளத்தின் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தூதன் வந்தானா, பதிந்தானா, எந்த வரிசையில் வைத்தான் என்று முறையாக ஆராயுங்கள். உழைத்துத் திரட்டிய உண்மைக்கு அதற்குரிய வாசகரைத் தேடித் தருவதும் எழுதியவரின் கடமையே ஆகும்.