ஞாயிற்றுக்கிழமை நடையும் முதியோர் ஆயுளும்
(பங்கின் முதியோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"தினமும் நடந்தால்தான் பலன், வாரத்தில் ஒருநாள் நடந்து என்ன ஆகப்போகிறது?" என்று சொல்லித் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்ட முதியோர் நம் புதுக்கடையில் பலர் உண்டு. அது சரிதானா என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் ஹார்வர்டு ஆய்வாளர்கள், இருதய நோயோ புற்றுநோயோ இல்லாத 13,547 மூதாட்டிகளின் காலடிகளை 2011 முதல் 2015 வரையிலான காலத்தில் ஆளுக்கு ஏழு நாள் கருவி வைத்து எண்ணினார்கள். சராசரி வயது 72. பிறகு ஏறத்தாழ 11 ஆண்டுகள் கவனித்து, 2025-இல் முடிவை வெளியிட்டார்கள். வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் 4,000 காலடி எட்டியவர்களுக்கு, ஒருநாளும் எட்டாதவர்களைவிட மரண அபாயம் 26 சதவீதம் குறைவு. மூன்று நாளோ அதற்கு மேலோ எட்டியவர்களுக்கு 40 சதவீதம் குறைவு. எத்தனை நாள் என்பதைவிட மொத்தம் எத்தனை காலடி என்பதே முக்கியம் என்பது அவர்கள் கருத்து.

உடம்பில் தெம்புள்ளவர்தானே நடக்கிறார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமே; நடையே ஆயுளைக் கூட்டியது என்று இந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் ஒருநாள் நடை வீண் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நாலாயிரம் காலடி என்பது சுமார் இரண்டரை கிலோமீட்டர். வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் நடப்பதும் இதில் சேரும். ஆகவே ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஞாயிறு திருப்பலிக்கு நடந்து வந்து திரும்புகிறவருக்கு அன்றைய கணக்கு ஏறக்குறைய முடிந்தது.

விடியுமுன் அண்டி ஆபீசுக்கு நடந்தும், மரச்சீனிச் சுமையோடு சந்தைக்கு நடந்தும் பிள்ளைகளைப் படிக்க வைத்த தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் இன்று வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி, அம்மாவை ஆட்டோவில் கோவிலுக்கு அனுப்புகிறார்கள். பாசந்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் இருந்த ஒரு நடையும் அதோடு போயிற்று!

முஞ்சிறை திருமலையிலிருந்து சிவராத்திரிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் செல்லும் சிவாலய ஓட்டக்காரரைப் போல யாரும் கிளம்ப வேண்டாம். நெஞ்சுவலி, மூச்சுமுட்டல், மயக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். மழைக்காலத்தில் பாசி பிடித்த இறக்கங்களில் தனியே இறங்க வேண்டாம். பேரப்பிள்ளை ஒருவர் கையைப் பிடித்து வரட்டும். முழுத்தூரமும் முடியாதவர்கள் பூசைக்கு வரும்போது நடந்து வந்து, திரும்பும்போது ஆட்டோவில் போகலாம்.