கரையேறக் காத்திருந்தவர்கள்



'கரையேறுதல்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கப்பலையோ தோணியையோ விட்டு நிலத்தில் கால் வைப்பது ஒன்று. கஷ்டம் தீர்ந்து ஒரு நிலைக்கு வருவது மற்றொன்று. மகளுக்குக் கல்யாணம் முடித்த தகப்பன், "ஒருவழியாய்க் கரையேற்றிவிட்டேன்" என்று மூச்சு விடுகிறானே, அது இரண்டாவது. இந்த இரண்டு பொருளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று மலையக மக்களின் வரலாற்றில் இருக்கிறது. ஊரை விட்ட பின்பும் லயத்துக் காம்பராவை அடையும் முன்பும் அவர்கள் காத்துக் கிடந்த நாட்களைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன்.

மலையக இலக்கியம் நடையை எழுதியிருக்கிறது. மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை என்று காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்களையும், வழியில் விழுந்தவர்களையும் நாம் மறக்கவில்லை. 2023இல், இருநூறு ஆண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தே வந்தார்கள். ஆதிலட்சுமி கப்பல் மூழ்கிய துயரமும் மேடைகளில் அடிக்கடி பேசப்படுகிறது. நடையும் மூழ்குதலும் கதைக்கு ஏற்ற காரியங்கள். காத்திருப்பில் ஒன்றும் நிகழ்வதில்லை. அதனால்தானோ என்னவோ, நான் படித்த கதைகளில் மண்டபம் முகாம் ஒரு பந்தியோடு கடந்து போய்விடுகிறது. கங்காணியை ஏசும் பாட்டுகளைக் கேட்டிருக்கிறேன். முகாமைப் பாடும் பாட்டு ஒன்றுகூட என் காதில் விழுந்ததில்லை.

இந்தக் காத்திருப்பு எப்படி வந்தது? 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. அந்த அச்சத்தில் 1899இல் வடக்கு நடைபாதையை இலங்கை அரசு மூடிவிட்டது. இனித் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் வழி. கப்பல் ஏறுமுன் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் ஒரு முகாம்; கொழும்பில் இறங்கிய பின் ராகமையில் ஒரு முகாம். அதே ராகமையில்தான் பின்னர் போயர் யுத்தக் கைதிகள் சிலரையும் அடைத்து வைத்தார்கள். அது என்ன மாதிரியான இடம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சில ஆண்டுகளில் மண்டபத்தில் பெரிய முகாம் எழுந்தது. அதை நடத்தியது இலங்கை அரசாங்கம்; இருந்ததோ இந்திய மண்ணில். தன் வீட்டு வாசற்கதவைப் பெயர்த்துக்கொண்டு போய் அடுத்த வீட்டு முற்றத்தில் நட்டதுபோல! கப்பலை விட்டு இறங்கும்போது நேர வேண்டிய தாமதம், ஏறுவதற்கு முன்னரே நேர்ந்தது.

எழுபதுகளில் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பாட்டி இருந்தார். கடலைத் தாண்டி வந்த கதையைச் சொல்லுங்கள் என்று நாங்கள் பையன்கள் நச்சரிப்போம். அலையும் புயலும் வரும் என்று எங்களுக்கு ஆசை. அவர் சொன்னார்: "கடலு என்னா தம்பி கடலு! வெத்தல மடிச்சி மெல்லுறதுக்குள்ள முடிஞ்சி போச்சி. கேம்புதான் முடியல." கடல் இரண்டு மணி நேரம், காத்திருப்பு ஆறு நாள் என்பது அவர் கணக்கு. உடுத்திய துணியைக் கழற்றி வாங்கி நீராவியில் போட்டது, அம்மை குத்தியது, பெயர் கேட்காமல் கழுத்துத் தகரத்தைத் திருப்பிப் பார்த்தது, இவைதாம் அவர் நினைவில் நின்றவை. கூட்டத்தில் ஒருவருக்கு வாந்திபேதி கண்டால் மற்றவர்களுக்கும் நாள் நீளும். நோயைவிடப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவரின் வயிற்றைத்தான் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தோம் என்றார்.

அந்தத் தகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1900களின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு அது. தோட்டத்தின் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு தகரத் துண்டைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். அதைக் காட்டினால் ரயிலும் கப்பலும் சோறும் கிடைக்கும். செலவு தோட்டத்தின் பேரில் எழுதப்படும். 1920களில் சட்டம் மாறும்வரை, தோட்டத்தின் பேரில் எழுதியது கங்காணி வழியாகத் தொழிலாளியின் தலையில்தான் வந்து இறங்கியது. வேலை தொடங்குமுன்பே, காத்திருந்த நாட்களுக்கும் சேர்த்து அவன் கடன்காரன். கண்ணியமான வகுப்பில் பயணம் செய்த கனவான்களை அந்த முகாம் அப்படிப் பிடித்து வைக்கவில்லை. நோய்க்கிருமி டிக்கட்டின் வகுப்பைப் பார்த்து ஏறும் என்று நினைத்தார்கள் போலும்.

2020இல் இதே காட்சியை உலகம் வேறு மேடையில் பார்த்தது. யோக்கோஹாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' என்ற உல்லாசக் கப்பல், 3,700க்கு மேற்பட்டவர்களுடன், இறங்க விடாமல் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் நமது கொழும்புக்கு அப்பாலும் ஓர் உல்லாசக் கப்பல் வந்து நின்றது. அதில் சமையல் வேலை செய்த இலங்கையர் ஒருவர், தன்னை இறக்கிவிடும்படி முகநூலில் வேண்டுகோள் விடுத்தார். கடற்படையினர் போய் அழைத்து வந்தார்கள். மகிழ்ச்சியான செய்திதான். அதைப் படித்தபோது என் மனம் பாட்டியிடம் போயிற்று. கழுத்தில் எண்ணோடு குந்தியிருந்தவர்கள் யாரிடம் வேண்டுகோள் விடுப்பார்கள்?

1939இல் தோட்டத் தொழிலுக்கு ஆள் அனுப்புவதை இந்தியா நிறுத்தியது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து, ஏற்கனவே இங்கே இருந்தவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மீதியை 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இனித் தலைகீழான பயணம். கண்டியிலுள்ள இந்திய அலுவலகத்தில் கடவுச்சீட்டுக்கும் குடும்ப அட்டைக்கும் காத்திருப்பு. சேமலாப நிதிக்குக் காத்திருப்பு. பிறகு ஹட்டன் ஸ்டேஷன். அந்த ரயிலுக்கு மக்களே 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். நானும் அந்த மேடையில் நின்றிருக்கிறேன். பெட்டிக்குள் இருப்பவர்களும் வெளியே நிற்பவர்களும் ஜன்னல் கம்பிக்கு இருபுறமும் கைகோத்து, செத்தவர் யாருமில்லாமலே மாரடித்து அழுவார்கள். வண்டி பொல்காவலை, அநுராதபுரம் கடந்து மதவாச்சியில் திரும்பும். பாட்டன் நடந்து வந்த அதே மதவாச்சி. தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல். அக்கரையில் இறங்கினால், வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்கு மறுபடியும் மண்டபம் முகாம்! இங்கே வருவதற்காகப் பாட்டி குந்தியிருந்த இடத்தில், இங்கிருந்து துரத்தப்பட்ட பேரன் குந்தியிருந்தான். நீலகிரியில் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்திலோ வேறெங்கோ தனக்கு இடம் வரும் என்று காத்திருந்தான். இதற்கு மேலா ஒரு நாவலுக்குக் கரு வேண்டும்?

சி. வி. வேலுப்பிள்ளை பிறந்தது 1914இல். அந்தக் கப்பல் ஓடத் தொடங்கிய ஆண்டு. அவர் மறைந்தது 1984இல். அது நின்ற ஆண்டு. வெறும் தற்செயல்தான். ஆனாலும், நாடற்றவர்களின் கதையைச் சொன்னவருக்கு அந்தக் கப்பலின் ஆயுளே வாய்த்தது என்பதை என்னால் எளிதாகக் கடந்து போக முடியவில்லை.

யுத்தத்தால் கப்பல் நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பல்லாயிரம் பேர் தோட்டங்களிலே தங்கிப்போனார்கள். போக வழியில்லை, இருக்க உரிமையில்லை. கப்பல் வரும் என்று முதலில் காத்திருந்தவர்கள், பிறகு வராமலிருக்கட்டும் என்று காத்திருந்தார்கள். இங்கே பிள்ளைகள் பிறந்தன, பேரப்பிள்ளைகள் பிறந்தன. 2003இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம்தான் அவர்களுக்கும் இலங்கைக் குடியுரிமை பெற வழிசெய்தது. காலாவதியான அந்தக் கடவுச்சீட்டுகளை அவர்களில் சிலர் இன்னும் எறியவில்லை. தகரப் பெட்டியின் அடியில், கல்யாணப் புடவைக்குக் கீழே, காகிதம் சுற்றிக் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். எழுதுகிறவர்கள் யாராவது இந்த மாதமே போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் நல்லது.