பூட்டிய அறையின் சாவி யார்கிட்ட?

(சிதம்பரம் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம நிக்கிற இந்த ஊர்ல ஒரு பழங்கதை உண்டு. தில்லைக் கோயில்ல ஒரு அறைக்குள்ள தேவார ஏடுகள் பூட்டிக் கிடந்துச்சு. ராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் வந்து கதவைத் திறந்தப்போ பெரும்பகுதியைக் கரையான் தின்னுடுச்சு. மிஞ்சினதுதான் இன்னைக்கு நாம பாடுறது.

இணையத்துக்கும் இந்தக் கதி வந்திருக்கலாம். 1993 ஏப்ரல் 30 அன்று ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகம், வலைக்கான மென்பொருளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதனாலதான் அது நம்ம கைக்கு வந்தது. ஆனா தமிழ் உடனே வரல. தளத்துக்குத் தளம் வேற எழுத்துரு. அது இல்லேன்னா திரையில வெறும் கிறுக்கல். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த இலக்கியங்களை இலவசமா வெளியிட்டது. அப்புறம் ஒருங்குறி பரவியது. 2010-ல் தமிழ்நாடு அரசும் ஏற்றது. இன்னைக்கு நீங்க ஒரு தமிழ் வரியைத் தேடி எடுத்துப் பகிர முடியுதுன்னா அதுக்குப் பின்னால இவ்வளவு உழைப்பு இருக்கு.

இதெல்லாம் படிச்சவங்க விவகாரம்னு நினைக்காதீங்க. நல்லவாட்டைப் பாருங்க.

கடலூருக்கு வடக்கே, புதுச்சேரி எல்லைக்குள்ள இருக்கிற மீனவ ஊர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பகுதிக் கிராமங்கள்ல அறிவு மையங்கள் நடத்துச்சு. வீராம்பட்டினத்துல, அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்துல வர்ற அலை உயரத்தை எடுத்து, தமிழ்ல ஒலிபெருக்கியில சொல்வாங்க. யாரோ போர்க்கப்பலுக்காகப் போட்ட கணக்கு, நம்ம கட்டுமரத்துக்கு உதவுச்சு!

2004 டிசம்பர் 26. சிங்கப்பூர்ல வேலை பார்த்த நல்லவாட்டுக்காரர் ஒருத்தர் செய்தியைப் பார்த்துட்டு ஊருக்குப் போன் போட்டார். சனங்க மையத்தை உடைச்சுத் திறந்து, அதே மாதிரி ஒலிபெருக்கியில கத்தினாங்க. வீடும் படகும் போச்சு. ஊர்ல ஒரு உயிர்கூடப் போகல. அன்னைக்குக் கடலூர் மாவட்டத்துல நாம இழந்தது 600-க்கும் மேற்பட்ட உயிர்கள்.

2024 டிசம்பர் 2, ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்தாங்க. தென்பெண்ணை கடலூர் வரைக்கும் புரண்டது நமக்குத் தெரியும். இப்படி ஒரு ராத்திரியில எச்சரிக்கை ஸ்கேன் பண்ண படமா வந்தா தேடவும் முடியாது, பார்வையற்றவரோட போன் அதை ஒழுங்கா வாசிச்சும் சொல்லாது. நாலாவது குரூப்புக்கு வர்றதுக்குள்ள தேதியும் வெட்டுப்பட்டிருக்கும். எழுத்தா, தேதியோட, நேரத்தோட போடச் சொல்லிக் கேக்கணும். நாமளும் தேதியில்லாத படத்தை அனுப்பாம இருக்கணும், நம்ம பக்கத்துல வந்ததா இருந்தாலும்.

அக்டோபர் 2 கிராம சபைக்குப் போங்க. சாத்தனூர்லயோ கீழணையிலயோ தண்ணி திறந்தா நம்ம ஊருக்கு எத்தனை மணி நேரம் முன்னால தகவல் வரும், யாருக்கு வரும்னு கேளுங்க. ஒலிபெருக்கி வேலை செய்யுதா, அது இருக்கிற அறையின் சாவி ராத்திரியில யார்கிட்ட இருக்கும்னும் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்துல எழுத வைங்க.