செராமாவுக்குப் போகும் அபிமானி

தேர்தல் காலத்தில் தம் கட்சியின் கூட்டத்துக்குப் போகும் சாமானிய அபிமானியைப் பற்றிச் சில நிமிஷங்கள் பேசும்படி வானொலி நிலையத்தார் பணித்திருக்கிறார்கள். என் கட்சி எதுவென்று கேட்டுவிடாதீர்கள். அதை வானொலியில் சொல்வது மரபன்று. கெடா மாநிலத்தில் எங்கள் பாடாங் மேஹா தோட்டத்தில் அதை அறியாதவரும் இல்லை.

மலேசியாவில் 1978-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது பகிரங்கத் திறந்தவெளிக் கூட்டங்களுக்குத் தடை வந்தபின் நமக்கு மிஞ்சியது செராமா என்னும் பிரசங்கக் கூட்டம்தான். நிர்வாகத்தின் தயவு பெற்ற கட்சி தோட்டத்து மண்டபத்திலும், பெறாத கட்சி பிரதான சாலையோரத்தில் யாரோ ஒரு ஆதரவாளரின் வீட்டு முற்றத்திலுமாக, இரண்டு குழல்விளக்கும் ஒரு ஒலிபெருக்கியும் கட்டிப் பிரசங்கத்தைத் தொடங்கிவிடும். விடியுமுன் எழுந்து, பெரட்டு என்னும் காலை ஆளெடுப்பில் நின்று, ரப்பர் பால் வெட்டி, வாளி சுமந்து வீடு திரும்பிய மனிதர், இரவு எட்டரைக்குச் சலவைச் சட்டை அணிந்து அங்கே வந்து அமர்வார். கிளைத் தலைவரும், இளைஞர் பகுதியாரும், மகளிர் பகுதியாரும் வரிசையாகப் பேசி முடித்த பின்பும், மூன்று ஊர்களில் முழங்கிவிட்டு வரவேண்டிய பிரதான பேச்சாளரின் கார் வெளிச்சம் தெரியாது. தெரிந்த கட்சி, தெரிந்த சின்னம், தெரிந்த வாக்குறுதிகள். பின் எதற்காக அந்த மனிதர் நித்திரையைத் தியாகம் செய்கிறார்? தம்மைப் போல் நினைப்பவர்கள் இன்னும் எத்தனை பேர் என்று திரும்பிப் பார்த்துக்கொள்வதற்காகவே என்பது என் அபிப்பிராயம். லயத்தில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்தும், பக்கத்து வீட்டுக்காரரின் மனத்தை அன்றிரவுதான் அவர் நிச்சயமாக அறிகிறார்.

தோட்டப் பள்ளி ஆசிரியனான எனக்கு மறுநாள் காலைதான் விசேஷம். 1990 அக்டோபரில், செராமா நடந்த மறுநாள், மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அளவுகோலை ஒலிவாங்கியாகப் பிடித்து, முதல்நாள் பேச்சாளர் எங்கே தொண்டையைச் செருமினாரோ அங்கே செருமி, எங்கே கைதட்டலுக்காகக் காத்தாரோ அங்கே காத்து நின்றான். வகுப்பு முழுவதும் தவறாமல் தட்டியது. பேசிய விஷயம் என்னவென்று கேட்டேன். "தெரியாது சார், ஆனா ரொம்ப நல்லாப் பேசுனாரு," என்றான். பெரியவர்களுள் எத்தனை பேர் அவனைவிட அதிகம் சொல்லியிருப்பார்களோ!

கெடாவில் ஜனத்திரளைப் பார்த்து முடிவைக் கணித்தவர்கள் ஏமாந்த சந்தர்ப்பங்கள் பல; லூனாஸ் இடைத்தேர்தல் அவற்றுள் ஒன்று. சட்டமன்ற உறுப்பினர் டாக்டர் ஜோ பெர்னாண்டஸ் 2000 நவம்பர் 4-ஆம் தேதி புக்கிட் மெர்தாஜாமில் சுட்டுக் கொல்லப்பட்டதால், அந்தத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. தேசிய முன்னணியின் உறுப்புக் கட்சியான ம.இ.கா.வின் எஸ். அந்தோணிசாமியை எதிர்த்து நின்றவர் எதிர்க்கட்சியான கெஅடிலானின் சைபுடின் நசுத்தியோன். எதிர்க்கட்சிக் கூட்டங்களில் நாற்காலிகளில் அமர்ந்தவர்களைவிட, விளக்கொளி எட்டாத மரத்தடியில், மோட்டார் சைக்கிளை அணைத்துவைத்து, முகம் தெரியாமல் நின்று கேட்டவர்களே என் கண்ணைக் கவர்ந்தார்கள். குடியிருக்கும் வீடும் தோட்டத்துடையது, செய்யும் வேலையும் தோட்டத்துடையது என்றிருப்பவர், வெளிச்சத்தில் வந்து அமர எளிதில் துணிவாரா? நவம்பர் 29-இல் 530 வாக்கு வித்தியாசத்தில் தேசிய முன்னணி தோற்று, கெடா சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையையும் இழந்தது. அந்த 530-இல் மரத்தடிக்காரர் எத்தனை பேரோ, அறுதியிட்டுச் சொல்ல எவராலும் இயலாது.

2022 பொதுத்தேர்தலில் பாடாங் செராய் தொகுதியில், வாக்களிப்புக்கு மூன்றே நாள் இருக்கையில் அபேட்சகர் எம். கருப்பையா காலமானதையும், வாக்களிப்பு டிசம்பர் 7-க்குப் போனதையும், முன்பு அவருக்காகக் கோஷமிட்ட அபிமானிகள் அவரில்லாத கூட்டங்களுக்கும் வந்ததையும் விரிவாகச் சொல்ல ஆசைதான். எனக்களித்த நேரம் முடிகிறது. அடுத்த தேர்தலில் செராமாவுக்குப் போகும் நேயர்கள், பேச்சாளர் எப்படியும் தாமதிப்பாராகையால் பாய் ஒன்று எடுத்துச் செல்வார்கள் என்றும், மரத்தடியில் யாரேனும் நின்றால் டார்ச் அடித்துப் பார்க்கமாட்டார்கள் என்றும் நம்பி விடைபெறுகிறேன்.