கைத்தொழிற் சான்றிதழும் கைக்கு வரும் கூலியும்

(மலையகத் தொழிலாளர், இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



"தொழில்நுட்பக் கல்லூரியில் இரும்பு வேலை படித்துச் சான்றிதழ் பெற்றால் கையில் என்ன மிஞ்சும்?" என்று தோட்டத்துப் பெற்றோர் எம்மை வினவுகின்றனர். மாத முடிவில் கடைக்கடன் தீர்க்கவேண்டியவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி அது. கல்வியின் பெருமையைப் பேசி அதனைத் தட்டிக்கழிப்பது முறையன்று. எனவே கணக்கையே முதலில் பார்ப்போம்.

செலவு எது?

2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வெளியாயிற்று. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் அதனை 1,550 ரூபாவாக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா சேர்த்துக் கொடுக்குமென்றது. ஆக 1,750 ரூபா. மாதம் 25 பேர் விழுமென்று கொண்டால், ஆறு மாதப் பயிற்சிக்குப் போகும் பிள்ளை இழக்கும் சம்பளம் 262,500 ரூபா. பஸ் செலவும் அறை வாடகையும் வேறு. ஏழைக் குடும்பத்தை மறிப்பது பாடநெறிக் கட்டணத்தைவிட இந்த இழப்பே ஆகும்.

படித்து முடித்தவன் வெல்டிங் வேலையில் நாளொன்றுக்கு 500 ரூபா கூடுதலாகப் பெறுகிறான் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 525 வேலைநாட்களில், அதாவது 21 மாதங்களில், இழந்தது திரும்பிவிடும். ஓராண்டுப் பயிற்சியாயின் மூன்றரை ஆண்டுகள் செல்லும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் வருவது இலாபம். ஆனால் சான்றிதழைப் பெற்றும் பழைய கூலிக்கே வேலை செய்வானாயின், போட்ட முதல் என்றைக்கும் திரும்பாது. 500 என்ற இடத்தில், தத்தம் ஊர்ப் பட்டறையில் விசாரித்தறிந்த தொகையை இட்டு ஒவ்வொரு குடும்பமும் கணக்கிடுக.

இரும்பின்றித் தேயிலை இல்லை

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார். கொழுந்தைப் பறித்தது எமது தாய்மாரின் கை. அதனை வாட்டி, உருட்டி, உலர்த்தி, சலித்துத் தேயிலையாக்கியது இயந்திரம். உருட்டும் இயந்திரம் இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோவிலிருந்தும், சிரொக்கோ உலர்த்தி பெல்பாஸ்ட் நகரிலிருந்தும் கப்பலேறி வந்தன. உருட்டு மேசையின் பித்தளைப் பட்டை தேய்ந்தாலும், உலர்த்தியின் தட்டு வளைந்தாலும், அதனைச் சீர்செய்யும் வேலை இங்கேயே நடக்கவேண்டும். ஸ்டோரில் இயந்திரம் நின்றால் பறித்த கொழுந்து பழுதாகும். ஆகவே பிட்டரின் உழைப்புக்குத் தனி விலை உண்டு.

தோட்டத்துக்கு வெளியேயும் வேலை உண்டு. நுவரெலியா, கந்தப்பளை மரக்கறிச் செய்கையாளரின் நீர்ப்பம்பியும், தெளிகருவியும், பசுமைக்கூடத்தின் இரும்புச் சட்டமும் ஒரு நாள் பழுதாகத்தான் செய்யும். பக்கத்திலேயே வல்லவன் ஒருவன் இருப்பின் விவசாயிக்கும் நன்மை, அவனுக்கும் வருமானம்.

எந்தச் சான்றிதழ்?

பெயர்ப்பலகை தொங்கும் இடமெல்லாம் கல்லூரியன்று. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்நிலையம் பதிவாகியுள்ளதா, அப்பாடநெறி அங்கீகாரம் பெற்றதா, முடிவில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கிடைக்குமா என்ற மூன்றையும் பணம் கட்டுமுன் கேளுங்கள். அத்தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. நான்காவது வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். இரும்பு வேலையில் தொடங்கியவன் பட்டம் வரை ஏறப் படி உண்டு.

பல ஆண்டுகள் ஸ்டோரில் பிட்டருக்குத் துணைநின்று தொழிலைக் கையாலேயே கற்றவர்களுக்கு ஒரு நற்செய்தி. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறைப்படி, கற்ற திறனை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டி அவர்கள் இத்தகைமையைப் பெறலாம். மாதக்கணக்கில் வேலையை விட்டு வகுப்பில் அமரத் தேவையில்லை. நாம் முன்சொன்ன 262,500 ரூபா இழப்பு அவர்களுக்கு இல்லை. தந்தையர் இதனைச் செய்தல் வேண்டும். பிள்ளைகள் அவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தல் வேண்டும்.

மொழியும் சட்டமும்

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புரை, தேசிய மொழிகளில் ஏதேனும் ஒன்றின் மூலம் கல்வி பெறும் உரித்தைத் தருகிறது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆகவே கடைசல் வேலையையும் வெல்டிங்கையும் தமிழில் கற்பிக்கும் போதனாசிரியரைக் கேட்பது சலுகை கோருவதன்று. விளங்காத மொழியில் பாதுகாப்பு விதியைக் கேட்பவன் கண்ணையோ விரலையோ இழக்க நேரிடும். அந்த நட்டத்துக்கு எந்தக் கணக்கிலும் ஈடில்லை.

1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், தேயிலைத் தொழிலுக்கு ஒரு சபை இருப்பதுபோல் பொறியியல் தொழிலுக்கும் ஒரு சபை உண்டு. பட்டறையில் சேரும் இளைஞன் தன் தகைமையையும் பதவியையும் நியமனக் கடிதத்தில் எழுதித் தரும்படி கேட்டல் வேண்டும். வெல்டர் வேலையை வாங்கிக்கொண்டு "ஹெல்பர்" என்று பெயர் பதிவார்களாயின், அங்கேதான் சான்றிதழின் பயன் களவாடப்படுகிறது. தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்துக்குப் போராடுவதோடு இந்தத் தரப்பதிவையும் தம் கோரிக்கையாக்கல் வேண்டும்.

கடுதாசி இல்லாமையால் எமது மக்கள் பட்ட பாடு சிறிதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் மூலமே பிரசாவுரிமை கிட்டிற்று. லயத்துக்கு உறுதி இல்லை. காணிக்கும் உறுதி இல்லை. இந்நிலையில் கைத்திறனுக்கேனும் அரசு முத்திரையிட்ட ஓர் உறுதி இருக்குமாயின், துரை மாறினாலும் தோட்டம் கைமாறினாலும் அது உங்களோடு வரும்.

பெற்றோரே, மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் இந்தக் கணக்கைப் போடுங்கள். அன்பர்களே, ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு குழு அமைத்து, பயிற்சி பெறும் பிள்ளையின் பஸ் செலவையாவது ஊரார் பொறுப்பில் ஏற்போம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தமிழ் வகுப்புகள் பெருகக் குரல் கொடுப்போம். கற்றவனுக்குக் கற்ற தொழிலின் கூலி கிடைக்கும்வரை அவன் பின்னால் நிற்போம்!