பேசாத பீமும் பேச வேண்டிய நாமும்

(கே.ஜி.கண்டிகையில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் சுருக்கம்)



சேமிப்பு, கடன், வங்கிக் கணக்கு எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போ பத்து நிமிஷம் ஒரு கார்ட்டூன் பற்றிப் பேசப் போறேன். சிரிக்காதீங்க, நம்ம பிள்ளைகளோட பேச்சு சம்பந்தப்பட்ட விஷயம் இது.

சோட்டா பீம் யாருன்னு இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அவன் வெளிநாட்டுப் பொம்மை இல்லை, ஹைதராபாத்தில் பிறந்தவன். அங்குள்ள கிரீன் கோல்டு அனிமேஷன் நிறுவனத்தின் ராஜீவ் சிலகா உருவாக்கிய பாத்திரம். 2008-ல் போகோ சேனலில் வர ஆரம்பித்தான். ஊர் டோலக்பூர், வயசு ஒன்பது, லட்டு சாப்பிட்டால் பலம் வந்துவிடும். அந்த லட்டைச் செய்து விற்பவர் அவன் தோழி சுட்கியின் அம்மா. ஊரே தேடி வரும் கடை ஒரு பெண்ணுடையது, கவனிச்சீங்களா?

அதே பீம் கைக்குழந்தையாக இருந்தபோது என்ன குறும்பு செய்தான் என்று தனியாக ஒரு தொடர் எடுத்தார்கள். பெயர் 'மைட்டி லிட்டில் பீம்'. 2019 ஏப்ரல் 12-ல் நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. தவழுகிற பீம், அவன் அம்மா, லட்டு, ஊர்ச் சனம். இவ்வளவுதான் கதை. ஆனால் ஒரு விசேஷம், அதில் வசனமே கிடையாது. சிரிப்பு, அழுகை, மழலைச் சத்தம், இசை மட்டும்தான். அதனால் எந்த நாட்டுக் குழந்தைக்கும் புரியும். நம்ம பக்கம் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கும் புரியும். நல்ல விஷயம்தான்.

ஆனால் யோசித்துப் பாருங்க. படம் பேசாது என்றால், அதைப் பார்க்கிற குழந்தைக்கு வார்த்தை எங்கிருந்து வரும்? பேசுகிற கார்ட்டூனிலும் கதை அதேதான். குழந்தை "ஊ" என்றால் டிவி திரும்ப "என்னடா கண்ணு?" என்று கேட்காது. நாம்தான் கேட்போம். குழந்தை ஒரு சத்தம் போட, பெரியவர் பதில் சொல்ல, அது மறுபடி சத்தம் போட, இந்தப் போக்குவரத்தில்தான் பேச்சு வளருது.

அந்தத் தொடர் வெளியான அதே ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். ஒரு வயதுக் குழந்தைக்கும் வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயது வரை வேண்டாம் என்றுதான் சொல்லுது. வெளியூரில் இருக்கும் அப்பாவோடு எப்பவாவது வீடியோ காலில் பேசுவது வேறு. அங்கே மனுஷர் பதில் பேசுகிறார்.

"மேடம், நூறு நாள் வேலைக்குப் போகணும், சமைக்கணும், போன் கொடுக்காமல் எப்படிச் சோறு ஊட்டறது?" என்று நீங்க கேட்பது நியாயம். பிள்ளை வளர்ப்பது தாய்க்கு மட்டும் விதித்த வேலை இல்லை. அப்பா, பாட்டி, தாத்தா, அண்ணன், அக்கா எல்லோருக்கும் வாய் இருக்கு.

மூணு காரியம் செய்யலாம்.

ஒண்ணு, சாப்பாட்டு நேரத்தில் போன் வேண்டாம். காக்காவைக் காட்டுங்க, ஆட்டுக்குட்டியைக் காட்டுங்க. லட்டு கேட்டால் அங்கன்வாடியில் தருகிற சத்துமாவை உருண்டை பிடித்து "பீம் லட்டு" என்று கொடுங்க.

ரெண்டு, இரண்டு வயசுக்கு மேற்பட்ட பிள்ளை பார்த்தால், பக்கத்தில் யாராவது உட்கார்ந்து கதை சொல்லுங்க. "பீம் எங்கே போறான்? அம்மா தேடறாங்க பாரு!" படத்தில் இல்லாத வசனத்தை நீங்க எழுதுங்க. தமிழோ தெலுங்கோ, உங்களுக்கு வாயில் வருகிற மொழியில் பேசுங்க.

மூணு, இரண்டு வயசாகியும் "அம்மா வா", "பால் குடு" என்று ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை என்றால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்காதீங்க. கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்க. அங்கன்வாடிக்குப் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டுங்க. காது கேட்கிறதா என்று முதலில் பார்க்கணும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் அதிகம்.

நம்ம திருத்தணி மலைக்கு 365 படி. ஒரே தாவலில் யாரும் ஏறுவதில்லை. நாளைக்கு ஒரு புது வார்த்தை சொல்லிக் கொடுத்தாலும் வருஷத்துக்கு 365 ஆச்சு. செலவு ஒரு பைசா கிடையாது.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் சேமிப்புக் கணக்கு படித்த பிறகு, தங்கள் உறுப்பினர் வீடுகளில் இரண்டு வயது தாண்டியும் பேசாத குழந்தை இருந்தால் ஊக்குநரிடம் தனியாகச் சொல்லுங்க. சபையில் பெயர் சொல்ல வேண்டாம். அந்தத் தாயோடு ஆஸ்பத்திரி வரை துணைக்குப் போவது நம்ம எல்லோருடைய பொறுப்பு.