பசியும் பொலிசும்



சாப்பாட்டுக்கும் பொலிசுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். லண்டனில் பல வருடங்களாகச் சின்னப் பலசரக்குக் கடை ஒன்றை நடத்தி வருகிற எனக்கு, அந்தத் தொடர்பு நாளாந்தம் கண்ணில் படுகிறது. அதைப்பற்றித்தான் இம்மாதம் பேச வந்திருக்கிறேன்.

முதலில் எங்கள் நாட்டுக் கதை. 1953 யூலையில் கூப்பன் அரிசியின் விலை, கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த இலவச மதிய உணவும் நிறுத்தப்பட்டது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் ஜே. ஆர். ஜயவர்த்தன. ஓகஸ்ட் 12ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகள் ஹர்த்தாலுக்கு அழைத்தன. கடைகள் பூட்டப்பட்டன, போக்குவரத்து நின்றது, அவசரகாலச் சட்டம் வந்தது. பொலிசார் சுட்டதில் பலர் இறந்தார்கள். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. விலையை ஏற்றியது அமைச்சரவை. ஆனால் கோபப்பட்ட சனத்துக்கு முன்னால் நின்றது சம்பளத்துக்கு வேலைசெய்த கொன்ஸ்தாபிள். விலைவாசி அவருடைய வீட்டு அடுப்பையும் விட்டுவைத்திருக்காது. துவக்கு கையில் இருந்தும், அவரால் அரிசி விலையை ஒரு சதம்கூடக் குறைக்க முடியவில்லை.

2022இலும் இதைத்தான் கண்டோம். ஏப்ரல் 19ஆம் திகதி ரம்புக்கனையில் எரிபொருளுக்காக மறியல் செய்தவர்கள்மீது பொலிசார் சுட்டு, ஒருவர் இறந்தார். அந்த வருடம் செப்டெம்பரில் இலங்கையின் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தையும் தாண்டியது.

லண்டன் அப்படியல்ல என்பீர்கள். உண்மைதான், இங்கே அரிசிக்காகச் சூடு விழவில்லை. ஆனால் 2023 மார்ச்சில் இந்த நாட்டில் உணவுப்பொருட்களின் விலை ஒரு வருடத்துக்குள் 19 வீதம் ஏறியிருந்தது. சுப்பர் மார்க்கெட்டுகளில் குழந்தைப் பால்மாவுக்குத் திருட்டு எச்சரிக்கைப் பட்டி போட்டார்கள். 2023 ஏப்ரல் முதல் ஒரு வருடத்தில் ட்ரசல் அமைப்பின் உணவு வங்கிகள் 31 இலட்சம் பொதிகள் கொடுத்தன. 2024இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் பொலிசில் பதிவான கடைத் திருட்டுகள் 5 இலட்சத்தைத் தாண்டின.

எல்லாம் பசிக்களவு என்று நான் சொல்லவில்லை. விஸ்கியையும் இறைச்சியையும் பை நிறைய அள்ளிக்கொண்டுபோய் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பொலிசின் வேலை. அப்படியானவர்களைக் கையால் மறிக்கப் போகாதீர்கள். ஆபத்தென்றால் 999, முடிந்துபோன களவென்றால் 101. சீருடைக்குப் பயந்து வளர்ந்த நாங்கள், அறிவிக்காமல் விட்டுவிடுகிறோம். அறிவிக்காத களவு எந்தக் கணக்கிலும் வராது.

ஆனால் ஒரு பாணையோ பால்மாப் பேணியையோ கோட்டுக்குள் ஒளிக்கிற தாயைப் பொலிஸ் பிடித்தாலும், நாளைக்கும் அவருடைய பிள்ளைக்குப் பசிக்கும். பொலிஸ் வரும்போது காலம் பிந்திவிட்டது. 2022இல் பொலிஸ்காரர்களிலேயே சிலர் உணவு வங்கிக்குப் போகிறார்கள் என்று அவர்களுடைய சம்மேளனம் சொன்னது. வீட்டுச் செலவுக்கு வழி தேடி ஓடுகிறவர், தெருவில் எவ்வளவு பொறுமையாக நிற்பார்?

ஆகவே பாதுகாப்பு என்பது பொலிஸ் நிலையத்தில் மட்டும் தொடங்குவதில்லை, சமையலறையிலும் தொடங்குகிறது. எங்கள் சனத்திடம் ஒரு குணம் உண்டு. அடுப்பு எரியாவிட்டாலும் அயலுக்குத் தெரியக்கூடாது என்பார்கள். அந்த வெட்கத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 2023 செப்டெம்பர் முதல் லண்டன் அரச ஆரம்பப் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிய உணவு இலவசம். வருமானம் குறைந்த கர்ப்பிணிகளுக்கும் நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கும் ஹெல்தி ஸ்ராட் அட்டை உண்டு. அதில் பால், பழம், மரக்கறி வாங்கலாம். உணவு வங்கிக்கான சிட்டைக்குப் பாடசாலையிடமோ சிற்றிசன்ஸ் அட்வைசிடமோ கேளுங்கள். விசாச் சிக்கல் இருந்தால், விண்ணப்பிக்க முன்னர் தகுதியான சட்ட ஆலோசகரைக் கேளுங்கள்.

கடை வைத்திருக்கிற சகோதரர்களே, வாடிக்கையாளர் ஒருவர் பால்மாவை எடுத்துப் பார்த்து, விலையைப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டுப் போனால், அடுத்தமுறை அவரோடு ஒரு வார்த்தை தனியாகப் பேசுங்கள். அந்த ஒரு வார்த்தையோடு பல விடயங்கள் பொலிஸ்வரை போகாமல் முடிந்துவிடும்.